கொக்கி

ஐனோவுக்குப் பதினாறு வயதும் ஆறு நாளும்.
லைசென்ஸ் அட்டையின் மூலைகூட இன்னும் மழுங்கவில்லை.
சிவப்புதான் வேண்டுமாம்,
இரண்டு கதவுதான் வேண்டுமாம்.
நான் வாய் திறக்கவில்லை.
பத்தொன்பது குளிர்காலமாக
இஷ்பெமிங்கிலிருந்து ஏரிக்கரை வரை
பள்ளத்தில் கிடக்கும் கார்களைத் தூக்கி இழுப்பவள் நான்.
இரண்டு கதவுச் சிவப்புகளோடு
எனக்குப் பழக்கம் கொக்கி வழியாக.

விற்பவர்கள் காருக்கு முகம் கழுவி வைக்கிறார்கள்.
நான் பார்ப்பது அடிவயிற்றை.
நவம்பர் பிறந்தால் ஏப்ரல் வரை
இங்கே சாலைக்கு உப்பிடுவார்கள்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும்.
கார் குடிக்கிறது
கதவின் கீழ்விளிம்பில், சக்கர வளைவில்,
பிரேக் குழாய் மடங்கும் முழங்காலில்.
மல்லாந்து படுத்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுவேன்.
டங் என்றால் இரும்பு.
பொத் என்றால்
எழுந்து, முதுகுப் பனியைத் தட்டிவிட்டு,
காபிக்கு நன்றி சொல்லிக் கிளம்ப வேண்டியதுதான்.

அப்படி நான்கு வீட்டில் காபி குடித்தாயிற்று.

ஐந்தாவது, வெர்ன் கோவிஸ்டோவின் கொட்டகையில்.
சிவப்பு. இரண்டு கதவு.
ஐனோவின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.
"ஒரு கீறல் காட்டுங்கள் பார்ப்போம்" என்றார் வெர்ன்.
சாவியைத் திருப்பினேன்.
எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும்,
பெயர் கூப்பிட்டதும் எழுந்து உட்காரும் பிள்ளைகள் மாதிரி.
காற்றுப்பை விளக்கு மட்டும் பள்ளிக்கு வரவில்லை.
பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

குனிந்து முன்சட்டத்தைத் தடவினேன்.
பெயின்ட்டுக்கு அடியில்
கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல்.
என் கொக்கி கடித்த இடம்.

மூன்று வருடம் முன்பு, பிப்ரவரி, விடிகாலை நாலு மணி.
ஒரு பிர்ச் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது.
அன்றைக்கு அது நீலம்.
ஓட்டிவந்த பையன் என் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து
ஒற்றை ஷூவைத் தேடிக்கொண்டே இருந்தான்.
காற்றுப்பை வேலையை முடித்துவிட்டு
ஸ்டீயரிங்கில் தொய்ந்து கிடந்தது.
அந்த இடத்தில் பிறகு யாரும் எதையும் வைக்கவில்லை போலும்,
ஒரு மூடியைத் தவிர.

வெர்னுக்குத் தெரியுமா?
அவரும் ஏலத்தில் எடுத்தவர்தான்.
பூசி மெழுகியது யார் என்று நான் கேட்கவில்லை.
கோப்பையைப் பாதியில் வைத்தேன்.

திரும்பும் வழியில் ஐனோ ஜன்னலோடு பேசாமலிருந்தாள்.
ஷூவைப் பற்றி மட்டும் சொன்னேன்.
ரயில் தண்டவாளம் தாண்டி,
மரக்கடை தாண்டி,
"கிடைத்ததா?" என்றாள்.
"ஏப்ரலில். பனி உருகியபோது."

கடைசியில் மார்லிஸின் வண்டி.
பள்ளி உணவறையில் சூப் ஊற்றுபவள் மார்லிஸ்.
நாலு கதவு, ஆறு காற்றுப்பை,
சக்கரம் வழுக்கினால் தானே சுதாரிக்கும் புத்தி,
பதினோரு வருட ரசீதுகள் ஒரு பிஸ்கட் டின்னில்.
மேட்டில் ஏறும்போது
ஒரு முழு வாக்கியம் யோசித்துத்தான் வேகம் பிடிக்கும்.
அது எனக்குப் பிடித்திருந்தது.
"ஓட்ஸ் கஞ்சி நிறம்" என்றாள் ஐனோ.
என்றவள், என் கையிலிருந்து
ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு
புது ஜாக்கெட்டோடு சேற்றுப்பனியில் மல்லாந்தாள்.
டங்.
டங்.
பிறகு சாவி. உதடசைய விளக்குகளை எண்ணினாள்.
யாரும் விடுப்பில் இல்லை.

மூவாயிரத்து எண்ணூறு டாலர்,
நாலு குளிர்கால டயரும் சேர்த்து.
மார்லிஸ் பணத்தை இரண்டு முறை எண்ணினாள்.

நாற்பத்தொன்றாம் சாலையில் ஐனோ போகிறாள்,
திருப்பமில்லாத இடத்தில் இண்டிகேட்டர் போட்டபடி.
எல்லாக் காரும் என் பின்னால் வந்தே
எனக்குப் பழக்கம்,
முன்சக்கரம் தூக்கி, விளக்கு அணைந்து.
இன்று ஒன்று முன்னால் போகிறது.
நெருங்காதே நெருங்காதே என்று
என் கால் என்னிடம் சொல்லிக்கொண்டே வருகிறது.